கடமான் கொம்புப் பிடி

மல்கிரேவ், மெல்பர்ன்
9 பிப்ரவரி 2025

அக்காவுக்கு,

என் நம்பரை நீ ப்ளாக் செய்து வைத்திருப்பதால் காகிதத்தில் எழுதுகிறேன். கல்லூரி விட்ட பிறகு கையால் இவ்வளவு எழுதியதில்லை. கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அப்பா வந்துவிட்டார். ஆறு மாத விசா. ஏர்போர்ட்டில் வீல்சேரைக் கொண்டுவந்தவனைத் திருப்பி அனுப்பிவிட்டு, பழைய போலீஸ் நடையிலேயே வெளியே வந்தார். என் மகள் அக்ஷராவை நீ கைக்குழந்தையாகப் பார்த்தது. இப்போது நாலாம் வகுப்பு. தாத்தா பின்னாலேயே சுற்றுகிறாள்.

ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி அவருக்கு எழுபத்தைந்து முடிகிறது. பரிசு ஒன்று யோசித்து வைத்திருக்கிறேன். நான் இங்கே ஒரு பிஸ்டல் கிளப்பில் மெம்பர். லைசென்ஸ் எடுத்து, தரையோடு போல்ட் போட்ட இரும்புப் பெட்டி வைத்து, எல்லாம் முறைப்படிதான். போன வருடம் ஒரு பழைய ரிவால்வர் வாங்கினேன். முப்பத்தெட்டு காலிபர், ஆறு குண்டு. அப்பா இன்ஸ்பெக்டராக இருந்தபோது இடுப்பில் தொங்கவிட்டிருந்த அதே மாதிரி. மரப்பிடி வெடித்துப் போயிருக்கிறது. அதைக் கழற்றிவிட்டு மான் கொம்பில் பிடி போடப் போகிறேன். அப்பாவின் ரிவால்வரில் இருந்தது நினைவிருக்கிறதா? அந்தப் பிடியை அம்மா வீடு மாற்றும்போது தொலைத்துவிட்டாள் என்று இன்றைக்கும் குறைப்பட்டுக்கொள்கிறார்.

கொம்பு கிடைத்துவிட்டது. கிளப்பில் பேரி என்று ஒரு பெரியவர், மலைப்பக்கம் போனபோது புதரில் உதிர்ந்து கிடந்ததை எடுத்துவந்து கொடுத்தார். இந்த ஊர் மலைகளில் திரிவது நம்மூர்க் கடமான்தான் அக்கா. வெள்ளைக்காரன் அந்தக் காலத்தில் கப்பலில் கொண்டுவந்து விட்டதாம்.

அம்மாவின் ஆல்பம் உன்னிடம் இருக்கிறது. அதில் அப்பா ஜீப்பில் சாய்ந்து நிற்கும் படத்தில் அந்தப் பிடி தெரியும். நிறமும் வளைவும் பார்க்க வேண்டும். ஒரு நகல் அனுப்பு. முடிந்தால் பிறந்தநாளுக்கு நீயும் வா. அம்மா காரியத்துக்கு வந்து அப்பா முகத்தைக்கூடப் பார்க்காமல் திரும்பினாயே, அதோடு போதும்.

சுதர்சன்


மெரிலேண்ட்ஸ், சிட்னி
20 பிப்ரவரி 2025

சுதர்சனுக்கு,

உன் கடிதத்தை ஆஸ்பத்திரியில் இரண்டு நோயாளிகளுக்கு நடுவே படித்தேன். பிடி என்று நீ எழுதியிருந்த இடத்தில் நிறுத்திவிட்டு வாஷ்பேசினுக்குப் போனேன். வாந்தி வரவில்லை. வாய் முழுக்க எச்சில் ஊறி நின்றது. அடுத்த நோயாளியைக் கொஞ்சம் காத்திருக்கச் சொல்ல வேண்டியதாயிற்று.

படம் இல்லை. ஆல்பம் என் கைக்கு வந்ததும் முதல் வேலையாக அதை எடுத்துக் கிழித்துப் போட்டேன்.

நான் வரமாட்டேன்.

அவருக்குச் சட்டை வாங்கிக் கொடு. மசால் தோசை வாங்கிக் கொடு. இதை மட்டும் செய்யாதே. ஏன் என்றும் கேட்காதே.

உன்னை ப்ளாக் செய்தது உன்மேல் கோபத்தில் இல்லை. நீ ஊருக்குப் போயிருந்தபோது போனை ஸ்பீக்கரில் போட்டு அவர் கையில் கொடுத்துவிட்டாய். "ஹம்சா, சாப்ட்டயா கண்ணு" என்று அந்தக் குரல் என் சமையலறைக்குள் கேட்டது. அடுப்பை அணைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். அன்றைக்குச் செய்த குழம்பை எங்களால் சாப்பிட முடியவில்லை. ஜெகதீஷ் ஒன்றும் கேட்காமல் பீட்சா வாங்கிவந்தார்.

எழுதுவதென்றால் காகிதத்திலேயே எழுது. உன் ஆபீஸ் முகவரியைக் கொடு. வீட்டுக்கு வரும் தபாலை அவர் பிரித்துப் படிப்பார். நம் எல்லார் தபாலையும் அப்படித்தான் படித்தார்.

ஹம்சா


மல்கிரேவ்
2 மார்ச் 2025

அக்காவுக்கு,

காரணம் சொல்லாமல் "செய்யாதே" என்று ஒரு வரி எழுதினால் நான் நிறுத்திவிட வேண்டுமா? பாதி வேலை முடிந்துவிட்டது.

எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. நாளெல்லாம் கம்ப்யூட்டரில் பம்ப் டிசைன் வரைகிறவன், கையால் ஒரு பொருளைச் செய்து எத்தனை காலமாகிறது. கொம்பின் வெளிப்புறம் மரப்பட்டை போல வரிவரியாக, பழுப்பும் கறுப்புமாக இருக்கிறது. நடுவில் பஞ்சு மாதிரி பொத்தல். அது உதவாது. ஓரத்துக் கெட்டியான பகுதிதான் பிடிக்கு ஆகும். இரண்டு பக்கத்துக்கும் ஒரே வளைவும் ஒரே வரியும் அமையும் இடத்தைத் தேடி அறுத்தேன். கண்ணாடித் துண்டின்மேல் உப்புத்தாளை விரித்து உட்பக்கத்தை மட்டமாகும்வரை தேய்த்தேன். ரிவால்வரின் இரும்புச் சட்டத்தை வைத்துப் பென்சிலால் வரைந்து, கோட்டுக்கு வெளியே இருப்பதை அரத்தால் குறைத்தேன். அடியில் முளை உட்காரும் துளை ஒன்று, இரண்டு பக்கத்தையும் இறுக்கும் திருகாணிக்கு நடுவில் ஒன்று. துளை கொஞ்சம் தப்பினாலும் பிடி கையில் ஆடும்.

நாற்றம்தான் தாங்க முடியவில்லை. தலைமுடி கருகுகிற நாற்றம். மாஸ்க் போட்டாலும் தொண்டையில் மாவாகப் படிகிறது. ராகவி கராஜ் கதவு இடுக்கில் பழைய துண்டைத் திணித்து வைத்திருக்கிறாள். "சுடுகாட்டுக்குப் பக்கத்துல குடியிருக்கற மாதிரி இருக்குதுங்க" என்கிறாள். பரிசை ரகசியமாக வைக்கவும் முடியவில்லை. முதல் நாளே அப்பா மோப்பம் பிடித்து வந்துவிட்டார். "கொம்பு தேய்க்கறயா?" என்றார். அன்றிலிருந்து மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து வேலை சொல்கிறார். "வெளிப்பட்டையத் தொட்டுறாத. வழவழன்னு பண்ணிப்போட்டா கை வழுக்கும்" என்கிறார். அவர் இவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

உன் கோபம் எதற்கென்று எனக்குத் தெரியும். வேறு சாதி என்று ஜெகதீஷ் அத்தானை அப்பா நம் வீட்டு வாசலிலேயே நிறுத்திப் பேசினார். தப்புதான். அதற்காகச் சாகும்வரை பகையா?

ஒன்று கேட்க வேண்டும். அப்பாவின் பழைய பிடியை, நம் குவாட்டர்ஸ் பின்பக்கத்தில் யாரோ உட்கார்ந்து செய்தது மங்கலாக நினைவிருக்கிறது. மீதிக் கொம்பில் எனக்கு ஒரு விசில் செய்து கொடுத்தார். உனக்கு அந்த ஆளைத் தெரியுமா?

ஆபீஸ் முகவரி கவரின் பின்னால் இருக்கிறது.

சுதர்சன்


மெரிலேண்ட்ஸ்
14 மார்ச் 2025

சுதர்சனுக்கு,

அவர் பெயர் சடையன். விசிலை நினைவு வைத்திருக்கிறாய். அதனால் சொல்கிறேன். அம்மா உயிரோடு இருக்கும்வரை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அந்த வீட்டில் அந்த மனுஷனோடு வாழ வேண்டியவள் அவள்.

ஜெகதீஷை வாசலில் நிறுத்தியதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். அந்தக் கோபத்துக்கு இவ்வளவு ஆயுள் கிடையாது.

தொண்ணூற்று மூன்றாம் வருடம். மலையடிவாரத்து ஸ்டேஷனுக்கு அவர் மாற்றலாகி வந்த புதிது. எனக்குப் பதிமூன்று வயது, உனக்கு ஏழு. சடையன் மலைமேல் இருந்தவர். உதிர்ந்த கொம்புகளைப் பொறுக்கிக் கத்திப்பிடி செய்து சந்தையில் விற்பார். மான் வேட்டை என்று கேஸ் போட்டுப் பிடித்தார்கள். ரிமாண்டுக்கு அனுப்பவில்லை, ஸ்டேஷனிலும் வைக்கவில்லை. நம் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அவரிடம் பறிமுதல் செய்த கொம்பிலேயே, நம் அப்பாவின் ரிவால்வருக்குப் பிடி செய்து தர வேண்டும். செய்தால் விட்டுவிடுவதாகச் சொன்னார்.

துவைக்கிற கல்லில் ஒரு இரும்பு வளையம் உண்டு. அதற்கும் அவர் காலுக்கும் சங்கிலி. நம் நாய் செத்த பிறகு சும்மா கிடந்த சங்கிலி அது. சடையனின் இடது கையில் நடுவிரலும் மோதிர விரலும் கத்தரிக்காய் மாதிரி வீங்கிக் கறுத்திருந்தன. மடங்கவில்லை. கொம்பைப் பாதங்களால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வலது கையால் அரம் போட்டார். நான் இன்றைக்குச் செய்வது கைகளுக்கான பிசியோதெரபி. மெஷினில் கை கொடுத்தவர்களும் கதவில் நசுங்கியவர்களும் வருகிறார்கள். அந்த மாதிரி வீக்கத்தைப் பார்க்கும்போது இப்போது எனக்குத் தெரிகிறது, அது விழுந்ததால் வந்ததில்லை. யாரோ பின்பக்கமாக மடக்கி ஒடித்தது.

நீ எழுதினாயே, தொண்டையில் மாவாகப் படிகிறது என்று. அந்த மாவு நம் வீடு முழுக்கப் படிந்தது. சோற்றில் அந்த நாற்றம். என் பள்ளிக்கூட ரிப்பனில் அந்த நாற்றம். நம் அப்பா பனியனோடு வந்து நின்று, பிடியைக் கையில் வைத்துப் பார்த்து, "இன்னுங் கொஞ்சம் எடு" என்று திருப்பித் திருப்பிக் கொடுத்தார். அம்மா களி உருண்டையை இலையில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பாள். நீ பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வாய். அப்படித்தான் விசில் கிடைத்தது.

வேலை முடிந்த அன்று சாயங்காலம் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சங்கிலியோடு. மறுநாள் ஸ்டேஷனில், குற்றவாளி தப்பி ஓடிவிட்டான் என்று எழுதினார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இவர் சிநேகிதர்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஆட்டுக்கறி, பாட்டில். நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இருந்தேன். ஒருவர் பிடியைப் பார்த்துவிட்டு, "அருமையா இருக்குதுங்கய்யா" என்றார். அதற்கு இவர் சொன்னது: "அவன் செஞ்ச வேலையை அவன் மேலயே டெஸ்ட் பண்ணியாச்சு. கை வழுக்கவே இல்லை."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா கறிச்சட்டியைத் தரையில் வைத்துவிட்டுப் பின்பக்கம் போய், அந்தத் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்திலேயே வாந்தி எடுத்தாள். அன்றைக்கு விட்டவள்தான், சாகும்வரை கறி தொடவில்லை. பக்தி வந்துவிட்டது என்று இவர் ஊரெல்லாம் சொன்னார்.

அந்தப் பிடியை அம்மா தொலைக்கவில்லை. அவர் ரிடையர் ஆகிக் கழற்றி எடுத்துவந்த பிறகு ஒரு நாள், கக்கூஸ் குழியின் மூடியைத் தள்ளி உள்ளே போட்டாள். நான் பக்கத்தில் நின்றேன்.

ஹம்சா


மல்கிரேவ்
23 மார்ச் 2025

அக்காவுக்கு,

மூன்று தடவை படித்தேன். என்னால் நம்ப முடியவில்லை.

பதிமூன்று வயதில் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கேட்ட ஒரு வரி. குடித்துவிட்டுப் பேசுகிறவர்கள் எதைத்தான் பேச மாட்டார்கள்? அந்தக் காலத்தில் அந்த மலையில் டூட்டி பார்ப்பது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு செய்கிற வேலை. ஆள் தப்பி ஓடியிருக்கலாம். வேறு ஊர் போய்ப் பிழைத்திருக்கலாம். நீ அப்போதே அவரை வெறுக்க ஆரம்பித்துவிட்டாய். அதற்கேற்றபடி எல்லாம் உனக்கு ஞாபகம் வருகிறது.

என்னை ஜுரத்தில் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் அவர். இப்போது அக்ஷராவுக்குத் தினமும் தலை பின்னிவிடுகிறார். உன் கடிதத்தைப் படித்த பிறகு நேற்று அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு இருந்தேன். என்னை அப்படிப் பார்க்க வைத்துவிட்டாயே என்று உன்மேல்தான் அருவருப்பாக வந்தது.

பிடி முடிந்துவிட்டது. குண்டு போடும் கூட்டைத் திறக்கும்போது சுட்ட தோட்டாக்களின் காலிக் குப்பிகள் தட்டாமல் விழ இடது பக்கத்தில் கொஞ்சம் செதுக்கி எடுத்தேன். ஓரத்தை மட்டும் பாலிஷ் செய்திருக்கிறேன். நன்றாகவே உட்கார்ந்திருக்கிறது.

இதைப் பற்றி அவரிடம் நான் கேட்கப் போவதில்லை.

சுதர்சன்


மெரிலேண்ட்ஸ்
31 மார்ச் 2025

சுதர்சனுக்கு,

கேட்க வேண்டாம். அவர் கையில் கொடு. நல்லா இருக்கிறது என்று யாராவது நாலு பேர் சொல்லட்டும். அவராகவே சொல்வார்.

அவர் அதை ஒளித்ததே இல்லை.

ஹம்சா


மல்கிரேவ்
14 ஏப்ரல் 2025

அக்கா,

சனிக்கிழமை காலையில் கிளப்புக்குப் போனோம். அப்பா, நான், அக்ஷரா. ராகவி கேக் வாங்கிக்கொண்டு மத்தியானம் வருவதாக ஏற்பாடு. விருந்தாளியாக வருகிறவர்கள் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மெம்பர் பக்கத்தில் நிற்கச் சுடலாம். கண்ணாடியும் காது மூடியும் மாட்டிக்கொண்டு ரிவால்வரைக் கையில் வாங்கினார். முதலில் சுடவில்லை. கட்டைவிரலால் அந்த வரிகளைத் தடவிக்கொண்டே இருந்தார். "அதே பிடிடா" என்றார். கண் கலங்கியிருந்தது. என் மனசு அப்படியே நிறைந்துபோனது. அதை மறைக்காமல் உனக்குச் சொல்ல வேண்டும். நீ எழுதியதெல்லாம் பொய் என்று அந்த நிமிஷம் நினைத்தேன்.

ஆறில் ஐந்து கறுப்பு வட்டத்துக்குள். கிளப் ஆட்கள் கை தட்டினார்கள்.

பிறகு உள்ளே டீ குடிக்க உட்கார்ந்தோம். கொம்பு கொடுத்த பேரி இருந்தார், இன்னும் நாலைந்து பேர். பிடி பிரமாதமாக வந்திருப்பதாகப் பேரி சொன்னார். முன்பு உங்களிடம் இருந்ததை யார் செய்தது என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா இங்கிலீஷில் ஆரம்பித்தார். அவருடைய மேடை இங்கிலீஷ் உனக்குத் தெரியும். மலை, காடு, வேட்டைக்காரன், சங்கிலி, ஒடிந்த விரல்களோடு அவன் அரம் போட்ட அழகு. எல்லாவற்றையும் சொன்னார். காலால் கொம்பை எப்படிப் பிடித்தான் என்று ஷூவைக் கழற்றி நடித்துக் காட்டினார். முதலில் சிலர் சிரித்தார்கள், ஏதோ கதை என்று நினைத்து. பிறகு என்ன ஆயிற்று என்று ஒருவர் கேட்டார். அப்பா பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டே என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: "கொம்பு அவன் கொண்டாந்தது. வேலை அவன் செஞ்சது. குண்டு மட்டுந்தான் நம்முது. இதை இவனுங்களுக்கு எப்படிடா சொல்றது?"

நான் மொழிபெயர்க்கவில்லை. அவரே முயற்சி செய்தார். "I tried it on him only," என்றார். சிரித்தார். மீசையில் பிஸ்கட் ஒட்டியிருந்தது.

பேரி எழுந்து, டீயைக் கீழே கொட்டிவிட்டு, அப்பாவைத் தாண்டி வெளியே போனார். நான் பாத்ரூமுக்குப் போய் வாந்தி எடுத்தேன். நின்ற பிறகும் மூக்கில் அந்தக் கருகிய நாற்றம் போகவில்லை. எத்தனை வாரமாக அதை மூச்சிழுத்திருக்கிறேன், அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து ரசித்திருக்கிறார் என்று நினைத்ததும் மறுபடியும் குமட்டியது.

ராகவிக்குப் போன் செய்து வர வேண்டாம் என்று சொன்னேன். காரில் திரும்பும்போது கேட்டேன். கேட்க மாட்டேன் என்று உனக்கு எழுதியவன் கேட்டேன்.

"அந்த ஆள் தப்பிச்சு ஓடினான்னுதானேப்பா கேஸ்?"

"கால்ல சங்கிலி கெடக்கறவன் எங்கடா ஓடுவான்?" என்றார். ஏதோ நான் கணக்கில் தப்பு விட்ட மாதிரி.

பின்சீட்டில் அக்ஷரா இருந்தாள். அவளுக்குத் தமிழ் புரியும். "Who couldn't run, thatha?" என்று கேட்டாள்.

"ஒரு திருடன், கண்ணு."

அன்றைக்குச் சாயங்காலம் அவர் தலை பின்ன அழைத்தபோது அவள் போகவில்லை. நான் அவளிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

பிடியைக் கழற்றிவிட்டேன். வெடித்த மரத்தையே திரும்ப மாட்டி, ரிவால்வரை விற்றுவிடச் சொல்லி டீலரிடம் ஒப்படைத்தேன். கொம்புத் துண்டுகள் ஒரு பிளாஸ்டிக் பையில் இருக்கின்றன. குப்பையில் போடவும் கூசுகிறது.

அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை. அவர் மெல்லும் சத்தம் கேட்கிறது. இப்படி ஒரு பிள்ளை நினைக்கலாமா என்று தெரியவில்லை. அவரைக் கொஞ்ச நாள் நீ வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்கத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். எழுதி வரும்போதே தெரிகிறது, அதை உன்னிடம் கேட்கக் கூடாது.

நான் உன்னை நம்பவில்லை. மன்னித்துக்கொள்.

சுதர்சன்


மெரிலேண்ட்ஸ்
24 ஏப்ரல் 2025

சுதர்சனுக்கு,

மன்னிப்பெல்லாம் வேண்டாம். உனக்கு அப்போது ஏழு வயது. அவர் உன்னைத் தோளில் தூக்கிப் போனதும் உண்மைதான். அது உண்மையாக இருப்பதுதான் எனக்கு இன்னும் குமட்டுகிறது.

அவரை என் வீட்டுக்கு அனுப்பாதே. ஆனால் நான் உன்னிடம் ஒன்று கேட்கப் போகிறேன். யோசித்துப் பதில் எழுது.

சடையனின் மனைவி இருக்கிறார். பெயர் கெம்பம்மா. அந்த வருடம் கைக்குழந்தையோடு நம் குவாட்டர்ஸ் கேட்டில் வந்து நின்றவர். "உங்க வீட்லதான் வேலை செஞ்சிட்டிருந்தாருன்னு சொன்னாங்க" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா வாயைத் திறப்பதற்குள் இவர் கான்ஸ்டபிளை விட்டு விரட்டினார். போன வருடம் ஈரோட்டில் ஒரு வக்கீல் மூலமாக அவரைத் தேடிக் கண்டுபிடித்தேன். போனில் பேசினோம். இன்னும் தாலி போட்டிருக்கிறார். ரெக்கார்டுப்படி அவர் புருஷன் தலைமறைவுக் குற்றவாளி. அதனால் எத்தனையோ வருடம் அவர் குடிசையில் சோதனை போட்டிருக்கிறார்கள். பானையில் இருந்த மாவைக்கூடத் தரையில் கொட்டிப் பார்த்தார்களாம். இறந்தார் என்று யாரும் எழுதித் தரவில்லை. காரியம் செய்யவில்லை. மகளுடைய கல்யாணத்துக்கு, அப்பன் எங்கே என்று கேட்டவர்களுக்கு அவரால் பதில் சொல்ல முடியவில்லை.

"செத்துட்டாருன்னா எங்கன்னு மட்டும் சொல்லச் சொல்லம்மா" என்றார் என்னிடம். வேறு எதுவும் கேட்கவில்லை.

வக்கீல் மனு தயார் செய்துவிட்டார். ஜன்னல் ஓரத்தில் ஒரு சிறுமி கேட்டது மட்டும் போதாது என்கிறார். நீ காரில் கேட்டாய். அவர் வாயாலேயே கேட்டாய். அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவாயா?

பெற்ற அப்பாவுக்கு எதிராக. அது என்ன என்று எனக்குத் தெரியும். மாட்டேன் என்று நீ எழுதினாலும் உன்னோடு பேசாமல் இருக்க மாட்டேன்.

ஹம்சா


மல்கிரேவ்
5 மே 2025

அக்கா,

இதோடு இருப்பது அந்த வாக்குமூலம். இங்கே மருந்துக்கடைக்காரர் முன்னால் கையெழுத்துப் போட்டாலே செல்லும். தமிழில் எழுதி, கூடவே இங்கிலீஷிலும் வைத்திருக்கிறேன். தமிழ்த் தாளில் ஒரு இடத்தில் அடித்து மாற்றியிருப்பதைப் பார்ப்பாய். அதைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

உன் கடிதம் வந்ததும் முதல் இரண்டு நாள் மாட்டேன் என்றுதான் இருந்தேன். பிறகு ஞாயிற்றுக்கிழமை காலை அவரோடு டைனிங் டேபிளில் உட்கார்ந்திருந்தேன். அவர் இட்லியைப் பிட்டுச் சட்னியில் புரட்டி, "ஏன்டா அந்த ரிவால்வரை எடுக்கறதே இல்லை? நாளைக்கு மறுபடியும் போலாமா? அந்த வெள்ளைக்காரனுங்களுக்கு இன்னும் ரெண்டு மூணு கதை இருக்குது" என்றார். கதை என்றார். ராகவி கையில் இருந்த தட்டோடு எழுந்து உள்ளே போனாள். நான் பேப்பரும் பேனாவும் எடுத்துவந்து அவர் எதிரிலேயே எழுத ஆரம்பித்தேன். அவருக்குத் தெரியாமல் எழுதினால் நானும் தபாலைப் பிரித்துப் படிக்கிறவன் மாதிரி ஆகிவிடுவேன் என்று தோன்றியது.

முடித்ததும் படித்துக் காட்டினேன். யாருக்கு, எதற்கு என்றும் சொன்னேன். கெம்பம்மா பெயரையும் சொன்னேன்.

அவர் அடிப்பார், கத்துவார், நெஞ்சைப் பிடித்துக்கொள்வார் என்று என்னென்னவோ எதிர்பார்த்தேன். அவர் கை கழுவிவிட்டு வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"ஹம்சா வேலையா?"

"ரெண்டு பேர் வேலையும்தான்."

"எழுபத்தஞ்சு வயசாச்சு. என்னையத் தூக்குலயா போடப் போறானுங்க? கூட இருந்தவன்ல பாதிப் பேர் செத்துட்டான். மீதிப் பேருக்கு ஞாபகம் இல்லை." தாளை வாங்கினார். படித்தார். முகம் சுளித்தார். தப்பு செய்தவர் முகம் அல்ல. ஸ்டேஷனில் ரைட்டர் கொண்டுவந்த தாளைப் பார்க்கிற முகம்.

"இதென்ன, 'காட்டில் ஓர் இடத்தில்'னு? ஸ்டேட்மென்ட் எழுதற லட்சணமா இது? எடம் இல்லாத ஸ்டேட்மென்டை எவன் வாங்குவான்?"

என் கையிலிருந்த பேனாவை எடுத்தார். அந்த மூன்று சொற்களை ஒரே கோட்டில் அடித்தார். மேலே எழுதினார். எழுதி முடித்து, பழக்கம் போல ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டுத் தேதி வைத்தார். "போயித் தோண்டச் சொல்லு, பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு, காபி வரவில்லையே என்று ராகவியைக் கூப்பிட்டார். அவள் வரவில்லை. நானும் போகவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு அவரே எழுந்துபோய், எந்த டப்பாவில் காபித்தூள் இருக்கிறதென்று தெரியாமல் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் கோயம்புத்தூருக்கு அவருக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன். ஏன் சீக்கிரம் என்று கேட்டார். சொன்னேன். அக்ஷராவுக்கு எதிரில் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் டிவி சத்தத்தைக் கூட்டிவைத்தார்.

கெம்பம்மாவிடம் நீயே பேசு. வக்கீலை விட்டுச் சொல்ல வேண்டாம். அடித்திருப்பதற்கு மேலே எழுதியிருப்பதை அப்படியே படித்துக் காட்டு: "பழைய செக்போஸ்ட்டுக்கு மேற்கே, ஓடைக்கரை, இரட்டைப் புளியமரத்தடி. தலை வடக்கே."

அது அவர் கையெழுத்து.

சுதர்சன்